தம்பியின் மண்ணீரல்

“எந்தப் பக்கம்?” என்று கேட்டார் கனகலிங்கம்.

சண்முகநாதன் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. தம்பி ஜெயரூபன் மண்ணீரல் வருத்தத்தால் காலமானான் என்று, செத்தவீட்டுக்கு வந்த எல்லோருக்கும் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் “அப்படியோ” என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனார்கள். அச்சுவேலியிலிருந்து வந்த மச்சான் கனகலிங்கம் மட்டும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே இருந்துவிட்டார்.

“என்ன எந்தப் பக்கம்?”

“உந்த மண்ணீரல் எண்டுறது எந்தப் பக்கம் கிடக்குது?”

சண்முகநாதன் அரசாங்கக் கச்சேரியில் பிரதம இலிகிதராக இருந்து இளைப்பாறியவர். தெரியாது என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டவர்கள் இல்லை. நிமிர்ந்து இருந்தபடியே கையை வலப்பக்க விலாவின் கீழ் வைத்தார்.

“இஞ்சை.”

“அது ஈரல் இருக்கிற இடமல்லோ, மச்சான்?” கனகலிங்கம் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்திய குரல் பந்தலின் கடைசி வரிசைக்கும் கேட்டது. “என்னட்டை ஏன் மறைக்கிறியள்? குடிச்சால் போறது ஈரல்தான். ஊருக்குத் தெரியாததே?”

ஊருக்குத் தெரிந்ததுதான். மருதனார்மடச் சந்தியிலிருந்து சண்முகநாதனின் வீட்டுக்கு வரும் ஒழுங்கையில் ஒரு கள்ளுத் தவறணை இருந்தது. ஜெயரூபன் பின்னேரங்களில் அதன் வாசலில்தான் இருப்பான். அவனுக்கு வயிறு ஊதியிருந்தது. நடை தள்ளாடியது. ஏழு வருடங்களுக்கு முன் ஒரு கலியாண மண்டபத்தில், சம்பந்தக்காரர் அத்தனை பேரும் பார்த்திருக்க, மணவறைப் படியிலேயே சரிந்து விழுந்தான். அன்றே சண்முகநாதன் சொல்லிவிட்டார்:

“குடியை விட்டிட்டு வா. அதுவரைக்கும் எனக்குத் தம்பி இல்லை.”

“சரி அண்ணை” என்றான் ஜெயரூபன்.  பிறகு வரவில்லை. முதுகு வளையாத குடும்பம் அது. அந்த முதுகு தனக்கு மட்டும்தான் வாய்த்தது என்று அண்ணன் எண்ணியிருந்தார்.

நேற்று ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டொக்டர் அவரை ஒரு பக்கமாக அழைத்துச் சொன்னார்: “மண்ணீரலிலை இருந்து வாற நாளம் அடைபட்டிருந்தது ஐயா. அதாலைதான் வாயாலை இரத்தம் வந்தது. அவருக்கு ஈரல் நல்லாய்த்தான் இருந்தது.”

சண்முகநாதனுக்கு அந்த டொக்டர் மீது பெருமதிப்பு உண்டாயிற்று. நல்ல குடும்பத்துப் பிள்ளை. ஒரு வீட்டின் மானம் போகப்போகிறது என்று கண்டதும், கேட்காமலே ஒரு கௌரவமான உறுப்பைத் தந்து உதவியிருக்கிறான். உறுப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டு வைக்காததுதான் பிழை.

மானம் அவருடையது மட்டுமல்ல. ஜெயரூபனின் ஒரே மகள் வினோஜா தாயில்லாதவள். இப்போது தகப்பனும் இல்லாதவள். உடுப்பிட்டியில் தனோஜன் என்ற பொடியனுக்குப் பேச்சு நடந்து, சாதகமும் பொருந்தியிருந்தது. செத்தவீட்டுத் துடக்குக் கழிய வந்து கதைப்பதாகப் பொடியனின் தகப்பன் வல்லிபுரம் சொல்லி அனுப்பியிருந்தார். குடிகாரன் வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்?

கனகலிங்கம் எழுந்து போனபின் வினோஜா தேத்தண்ணியோடு வந்தாள். கண் வீங்கியிருந்தது.

“பெரியப்பா, அப்பா குடிக்கிறேல்லை.”

“கெட்டிக்காரி. ஆர் கேட்டாலும் உதையே சொல்லு.”

“உண்மையாத்தான் சொல்லுறன்.”

“ஓம். அப்படித்தான் சொல்லவேணும். நிலத்தைப் பாராமல் சொல்லு.”

மறுநாள் அவர் உதயகலா ரீச்சரின் வீட்டுக்குப் போனார். ரீச்சர் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிப்பவர். துடக்குக்காரர் பிறர் வீட்டுக்குள் ஏறக்கூடாது என்பதால், சண்முகநாதன் படலைக்கு வெளியே, வெய்யிலில், விறைத்து நின்றார்.

“ரீச்சர், எனக்கு மண்ணீரல் வேணும்.”

“ஐயா?”

“அறிவுக்கு.”

ரீச்சர் ஒரு சின்னக் கரும்பலகையைக் கொண்டுவந்து படலையில் சாய்த்து வைத்துப் படம் கீறினார். தெருவால் போனவர்கள் சைக்கிளை மெதுவாக்கினார்கள்.

“இடப்பக்கம் ஐயா. ஒன்பதாம், பத்தாம், பதினோராம் விலாவுக்கு உள்ளை, இரைப்பைக்குப் பின்னாலை ஒதுங்கிக் கிடக்கும். பொத்திப் பிடிச்ச கை அளவுதான். சுகமாய் இருக்குமட்டும் தடவிப் பார்த்தாலும் தெரியாது. வீங்கினால்தான் இருக்கிறது தெரியும்.”

“இரத்தம் எப்பிடிப் போகுது?”

“பெருநாடியிலை இருந்து ஒரு கிளை நாடி வரும். நேரை வராது. சதையி எண்டுற கணையத்தின்ரை மேல்விளிம்பாலை பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு வரும். மண்ணீரலுக்குக் கிட்ட வந்து பிரிஞ்சு உள்ளை போகும். ஒவ்வொரு கிளைக்கும் தன்ரை தன்ரை பங்கு. ஒண்டு அடைபட்டால் மற்றது அந்தப் பங்குக்கு உதவி செய்யாது.”

“காணி பிரிச்ச சகோதரங்கள் மாதிரி” என்றார் சண்முகநாதன். 

“வெளியிலை வாற நாளம் வேறை. அது அவ்வளவு வளையாது. சதையிக்குப் பின்னாலை போய், குடலாலை வாற நாளத்தோடை சேர்ந்து ஈரலுக்குப் போகும்.”

“அது அடைபட்டால்?”

“மண்ணீரல் வீங்கும். ஆனால் இரத்தம் நிக்காதுதானே ஐயா. இரைப்பையின்ரை மேல்பக்கத்துச் சின்னக் குழாய்களாலை சுத்துவழி தேடும். அதுகளுக்கு அந்தப் பாரம் தாங்கேலாது. புடைக்கும். ஒருநாள் வெடிக்கும்.”

“குடிக்காதவனுக்கும் வருமோ?”

“வரும். ஈரலிலை ஒரு குறையும் இல்லாதவனுக்கும் வரும்.”

சண்முகநாதன் அந்த டொக்டரை மனதுக்குள் மறுபடி மெச்சினார். எவ்வளவு நுட்பமான பொய்! ஊசி நுழைய இடமில்லை.

“இன்னும் வடிவா விளங்கவேணும் ரீச்சர். கேள்வி கேக்கிற ஆக்கள் வருவினம்.”

“படத்திலை எல்லாம் தட்டையாத்தான் தெரியும் ஐயா. நான் பிள்ளையளுக்கு ஆட்டு மண்ணீரல்தான் காட்டுறனான்.”

ரீச்சர் அதை ஒரு பேச்சுக்குத்தான் சொன்னார். சண்முகநாதன் எதையும் பேச்சுக்குக் கேட்பவர் அல்லர்.

பிறந்ததிலிருந்து மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடாதவர். துடக்குக் காலம் வேறு. ஆகவே ஊரில் ஒருவரும் காணாதபடி பஸ் ஏறிக் குருநகர்ப் பக்கம் போனார். இறைச்சிக்கடை வாசலில், மணத்துக்கு ஒரு கராம்பை வாயில் அடக்கி, மூக்கைச் சால்வையால் பொத்திக்கொண்டு நின்றார்.

“ஐயாவுக்கு என்ன?”

“மண்ணீரல்.”

“எத்தினை கிலோ?”

“ஒண்டு. வெட்டக்கூடாது. நாடியும் நாளமும் நீளமாய்த் தொங்கவேணும்.”

கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்தார். “நாப்பது வருசமாய் இறைச்சி வெட்டுறன். ஒருத்தரும் உப்பிடிக் கேக்கேல்லை. கறிக்கோ, பிரட்டலுக்கோ?”

“படிக்க.”

“இந்த வயதிலையோ?” கடைக்காரர் பின்பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். “எடியே, இஞ்சை வந்து பார். ஐயா ஆட்டுக்குள்ளை பாடம் எடுக்க வந்திருக்கிறார்.”

சொட்டுச் சொட்டாக இரத்தம் ஒழுகும் சொப்பிங் பையோடு சண்முகநாதன் திரும்பினார். எதிரே, நண்டுப் பையோடு, கனகலிங்கம் நின்றார்.

இரண்டு பேரும் ஒருவரின் பையை ஒருவர் பார்த்தார்கள். கனகலிங்கத்துக்குத் துடக்கில்லை. அவருடைய பைக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

“மச்சான்,” என்றார் கனகலிங்கம் மிகுந்த இரக்கத்தோடு, “தம்பி போன கவலை விளங்குது. ஆனால் நீங்களுமோ?”

“என்ன நானும்?”

“உது போத்திலுக்குப் பக்கத்திலை வைக்கிற சாமானல்லோ.”

சண்முகநாதன் வீட்டுக்கு வந்து சேர்வதற்கு முன்பே செய்தி வந்து சேர்ந்துவிட்டது. மனைவி பராசக்தி வாசலில் நின்றாள்.

“இஞ்சாருங்கோ, ஒருக்கா வாயை ஊதுங்கோ பாப்பம்.”

“உமக்கென்ன விசரே?”

“ஊதுங்கோ எண்டுறன்.”

எழுபது வயதில், தன் வீட்டு வாசலில், சண்முகநாதன் வாயைத் திறந்து ஊதினார். பராசக்தி மணந்து பார்த்துவிட்டு, “கராம்பு வாசம். மறைக்கக் கராம்பு போட்டிருக்கிறியள்” என்று அழத் தொடங்கினாள்.

அன்று பின்னேரம் அயலவர் சிலர் ஆறுதல் சொல்ல வந்தார்கள். “கவலை இருக்கும்தான், ஆனால் இந்த வயதிலை துவங்கிறது கூடாது” என்றார் ஒருவர். பழிச்சொல்லைத் தாங்கும் முதுகு அவருடையது. இரக்கத்தைத்தான் தாங்க முடியவில்லை.

மண்ணீரலை வீட்டுக்குள் எடுக்கப் பராசக்தி விடவில்லை. வளவின் பின்புறத்தில் வாழையிலை விரித்து அதை வைத்தார். கையில் ஒரு ஈர்க்கு. வினோஜா வந்து பக்கத்தில் குந்தினாள்.

“இது நாடி. பார், எப்பிடி வளையுது. இது நாளம். இதுதான் அடைபட்டது எண்டு சொல்லவேணும். இடப்பக்கம். மறந்துபோகாதை, இடப்பக்கம்.”

வினோஜா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பாவுக்கு இருக்கவேண்டியதிலும் நாலு மடங்கு பெருசாய் இருந்ததாம் பெரியப்பா. அது இரைப்பையை அமத்துமாம். நான் சோறு போட்டால் நாலு வாய்தான். வயிறு நிரம்பிப்போச்சுப் பிள்ளை எண்டு கையைக் கழுவிப்போடுவார். எனக்குச் சமைக்கத் தெரியாது எண்டு நினைச்சுக் கனநாள் அழுதிருக்கிறன்.”

சண்முகநாதன் ஈர்க்கைக் கீழே வைத்தார். பிள்ளை இவ்வளவு நேர்த்தியாகப் பாடமாக்கி வைத்திருக்கிறாளே என்று மெச்ச நினைத்தார். வேறொன்று நினைவுக்கு வந்தது. சிறு வயதில் ஜெயரூபன் இரண்டு பங்கு சோறு தின்கிறவன்.

அந்த நேரத்தில் ஒரு காகம் இறங்கியது. இலையிலிருந்ததைக் கவ்விக்கொண்டு, நாடியும் நாளமும் தொங்க, வேலிக்கு மேலால் பறந்தது.

“அவர்தான்” என்று கிணற்றடியில் நின்ற பராசக்தி கைகூப்பினாள். “தன்ரையை எடுத்துக்கொண்டு போறார்.”

“அவன் மச்சம் தின்னாதவன்!” என்று சத்தம் போட்டார் சண்முகநாதன்.

“அங்கை போய்ப் பழகியிருப்பார்.”

வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுத் தலைகள் இரண்டு தெரிந்தன. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு முன்பே ஊரில் புதுக் கதை உலாவியது: சண்முகநாதர் குடிவெறியில், செத்த தம்பிக்கு மச்சம் படைத்தாராம்.

இனி வாயால் சொல்லிப் பயனில்லை என்று அவர் கண்டுகொண்டார். அச்சில் வரவேண்டும். முப்பத்தோராம் நாளுக்கு எப்படியும் கல்வெட்டு அடிக்கவேண்டும். காலமானவரின் படம், தேவாரம், வம்சாவளி, நன்றியுரை எல்லாம் சேர்ந்த அந்தச் சிறு புத்தகம் வந்தவர் ஒவ்வொருவர் கைக்கும் போகும். சபையில் பேசினால் காதில் விழாதவன்கூடச் சாப்பாட்டுக்குக் காத்திருக்கும்போது கல்வெட்டை வாசிப்பான். ‘மண்ணீரலும் அதற்கான குருதி வழங்கலும்’ என்று தாமே ஒரு பக்கம் எழுதி, ரீச்சர் கீறித் தந்த படத்தையும் சேர்த்து, அச்சகம் வைத்திருக்கும் சுபாஸிடம் கொடுத்தார்.

“ஐயா, இதென்ன கத்தரிக்காயோ?”

“மண்ணீரல்.”

“தேவாரத்துக்கும் வம்சாவளிக்கும் நடுவிலையோ?”

“அவன் அந்த இரண்டுக்கும் நடுவிலைதான் கிடந்தவன். நீர் போடும்.”

முப்பத்தோராம் நாள் ஜெயரூபனின் வீட்டு முற்றம் நிறைந்திருந்தது. உடுப்பிட்டி வல்லிபுரம் முன்வரிசையில் இருந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கல்வெட்டை எழுத்து எழுத்தாக வாசித்தார். மண்ணீரல் பக்கத்தில் நெடுநேரம் நின்றார். சண்முகநாதனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஒரு மாதத்து அவமானம் அந்தப் பக்கத்தோடு தீர்ந்தது.

“வடிவா எழுதியிருக்கிறியள்” என்றார் வல்லிபுரம். “ஒரு விசயம் மட்டும் விளங்கேல்லை.”

“கேளுங்கோ. நாடியோ, நாளமோ?”

“குடியெண்டு ஊரிலை சொல்லிச்சினம். குடியெண்டால் அது அவரோடை போச்சு. இரத்தக்குழாயிலை வருத்தம் எண்டால் மகளுக்கும் வரும்தானே?”

 சண்முகநாதன் உதயகலா ரீச்சரைத் திரும்பிப் பார்த்தார். ரீச்சர் உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்லப் பழகாதவர்.

“பெரும்பாலும் வராது” என்றார்.

அந்தப் ‘பெரும்பாலும்’ போதுமாயிருந்தது. வல்லிபுரம் கல்வெட்டை மூடினார். “நாங்கள் வீட்டிலை ஒருக்கா யோசிச்சுச் சொல்லுறம்.” சம்பந்தம் பேசுகிற இடத்தில் யோசித்துச் சொல்லுகிறோம் என்றால் சொல்லியாயிற்று என்று பொருள். அவர் எழுந்து செருப்பை மாட்டினார். சாப்பாட்டுப் பந்தியில் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்த வினோஜா செம்போடு அப்படியே நின்றாள்.

சண்முகநாதன் எழுந்தார். தம்பியின் மானம் ஒரு பக்கம், தம்பியின் பிள்ளை ஒரு பக்கம். எழுபது வருடமாக வளையாத முதுகு அது. வளையாமலே சொன்னார்.

“வல்லிபுரத்தார், இருங்கோ. உதிலை எழுதியிருக்கிறது முழுக்கப் பொய். நான் எழுதின பொய். நாளமும் இல்லை, ஒண்டும் இல்லை. என்ரை தம்பி குடிகாரன். குடிச்சுத்தான் செத்தவன். பிள்ளைக்கு ஒரு வருத்தமும் வராது.”

 “நான் அண்டைக்கே சொன்னனான்” என்றார் கனகலிங்கம்.

வல்லிபுரத்தின் முகம் மலர்ந்துவிட்டது. “உதை முதலே சொல்லியிருக்கலாமே! குடி ஆர் வீட்டிலை இல்லை? என்ரை தமையனும் போத்திலோடைதான் போய்ச் சேர்ந்தவர்.” செருப்பைக் கழற்றிவிட்டுப் பந்தியில் இருந்தார். தை பிறக்க நாள் பார்ப்போம் என்றார். பாயாசம் இரண்டாம் முறை வாங்கினார்.

வினோஜா செம்பை நிலத்தில் வைத்தாள். பெரியப்பாவை ஒருமுறை பார்த்தாள்.  அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பந்தி முடிந்து சனம் கலையத் தொடங்கியது. சண்முகநாதன் வழியனுப்ப வாசலுக்கு வந்தார். தம்பிக்கென்று ஏழு வருடத்தில் தாம் செய்த முதல் காரியம் இது என்று மனதைத் தேற்றிக்கொண்டார். பிள்ளைக்காகத்தானே, அவன் பொறுப்பான். வாசலுக்கு வெளியே, வெளுத்த சேர்ட்டோடு, தவறணையில் கள்ளு வார்க்கும் சந்தியோகு நின்றான்.

“ஏன் சந்தியோகு வெளியிலை நிக்கிறாய்? உள்ளை வந்து சாப்பிடன்.”

“சாப்பிட வரேல்லை ஐயா. அவருக்காக வந்தனான். நீங்கள் கதைச்சதையும் கேட்டனான்.”

“சபையிலை அப்பிடிச் சொல்லவேண்டி வந்திட்டுது.”

“பிள்ளையின்ரை காரியம் எண்டபடியால்தான் நானும் வாய் திறக்கேல்லை.”

 சண்முகநாதன் இத்தனை வருடம் ஒருவரிடமும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

“உனக்குத்தான் தெரியும். கடைசியிலை நல்லாக் குடிச்சவனோ?”

“எங்கடை கள்ளு ஒரு சொட்டும் அவர் வாயிலை பட்டதில்லை ஐயா, உங்கடை வீட்டு விறாந்தை எங்கடை வாசலிலை இருந்தால்தான் தெரியும் எண்டு வந்து இருப்பார், நீங்கள் கோயிலாலை வந்து லைற்றைப் போட்டதும் ‘அண்ணை வந்திட்டார்’ எண்டு எனக்குச் சொல்லிப்போட்டு எழும்பிப் போயிடுவார்.”